மோட்டார் சைக்கிளும் முஃமினும்



முஃமினானவர் ஒரே பொந்தில் இருமுறை கொட்டப்பட மாட்டார் என்ற கருத்தில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்கும் போதெல்லாம் கடன் வாங்கிப் போய்த் திரும்பாத ஆசாமி ஒருவனை மனத்தில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறோம். வியாபாரிகளாகிய நமக்கு வேறு எது ஞாபகம் வரும்? ஆனால் அவ்வாக்கை உடம்பாலேயே விளங்கிக்கொண்ட ஒரு கூட்டத்தார் உண்டு. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, அல்லாஹ்வின் கிருபையால் எழுந்து வந்தவர்களைத்தான் சொல்கிறோம்.

இதைச் சங்க இதழில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். மலேசியாவில் சாலையில் உயிரிழப்போரில் 100-க்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. நம்மில் எத்தனை கடைகளின் வாசலில் ஒரு கப்சாய் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ரொட்டிப் பொட்டலம் கொண்டு போவதும் அதிலேதான், வெங்காய மூட்டை வருவதும் அதிலேதான். அதில் ஏறுகிறவன் ஊரில் ஒரு தாய் நம்மை நம்பி அனுப்பி வைத்த பிள்ளை.

விழுந்தவர்கள் சொல்வது என்ன? புதியவன் பயந்ததும் பின் பிரேக்கைக் காலால் மிதித்து விடுகிறான். பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகிறது. வண்டியை நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன் பிரேக்கில் இருக்கிறது என்பது விழுந்த பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. மழை ஆரம்பித்த முதற் சில நிமிஷங்கள் மிகப் பொல்லாதவை. சாலையில் படிந்த எண்ணெய் தண்ணீரோடு மேலே வந்து நிற்கும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், இரும்பு மூடியும் அப்போது சவர்க்காரம் தடவியதுபோல் இருக்கும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹர்ட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். இரண்டு வண்டிகள் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, கார்க்காரர் வழிவிடத் தவறியதால் நேர்ந்தவை. மோட்டார் சைக்கிள் வந்ததையே தாம் பார்க்கவில்லை என்பது அவர்கள் வழக்கமாகச் சொன்ன சமாதானம். ஆபத்தைக் கண்டு சுதாரிக்க ஓட்டுநருக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு. விபத்துக்குள்ளானவர்களில் 100-க்கு 92 பேர் முறையாகப் பயிலாமல், தாமாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ கற்றவர்கள். நம் நாட்டில் 1992 முதல் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டுமென்று சட்டம் வந்ததன் காரணம் இப்போது விளங்கும். வெளிச்சம் நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, பிறர் நம்மைப் பார்ப்பதற்குமாகும்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். குழியையே வெறித்துப் பார்த்தால் குழியிலேதான் இறங்கும். தப்பிப் போகும் வழியைப் பார்க்க வேண்டும். பாதையோரத்தில் அமர்வோர் பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்கவேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, பார்வையைத் தாழ்த்துவதையும் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் அதிலே சேர்த்திருக்கிறார்கள். ஓடும் வண்டியில் கைப்பேசியைப் பார்ப்பவனுடைய கண் எந்த ஹக்கைக் கொடுக்கிறது?

தலைக்கவசத்துக்கு வருவோம். அரேபிய லாரன்ஸ் என்று பெயர்பெற்ற ஆங்கிலேயரை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். துருக்கி சாம்ராஜ்யத்துக்கு எதிராக அரபுகளைத் திரட்ட வேலை செய்தவர். அவர் விஷயத்தில் முஸ்லிம்கள் பலருக்கு மனக்கசப்பு உண்டு. அது கிடக்கட்டும். 1935 மே 13-இல், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாமல் விலகப் போய், தம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. 6 நாள் நினைவின்றிக் கிடந்து, 46 வயதில் மாண்டார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவர் ஒருவர். இவர் அத்துடன் விட்டுவிடவில்லை. விழுந்தவர்களின் மண்டைக் காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்று 1941-இல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் கடிதம் சுமந்து மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுக்கு அது கட்டாயமாயிற்று. பொது ஜனங்களுக்குச் சட்டம் வந்ததோ பிரிட்டனில் 1973-இல். மலேசியாவிலும் அதே 1973-இல்தான். கெய்ர்ன்ஸ் 1952-இலேயே இறந்துவிட்டார். ஒருவர் கொட்டப்பட்டதிலிருந்து உலகம் பாடம் படிக்க 38 வருஷம் பிடித்தது. தலைக்கவசம் மரண அபாயத்தை 100-க்கு 42 அளவும், தலைக் காயத்தை 69 அளவும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் களா கத்ரு, மௌத்து வந்தால் தலைக்கவசமா தடுக்கும்?" என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. அவரிடம் ஒன்று கேட்கிறோம். அல்லாஹ்வை நம்பியவர்களில் நம் நாயகத்தை விட மேலானவர் யார்? உஹது யுத்தத்தில் அவர்கள் இரண்டு கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தார்கள். திருத்தலையிலும் இரும்புக் கவசம் இருந்தது. அது அன்று தலைமீதே உடைந்தது என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அதற்காகப் பிறகு அதை ஒதுக்கிவிட்டார்களா? ஹிஜ்ரி 8-இல் மக்காவினுள் வெற்றியுடன் நுழைந்தபோதும் தலையில் கவசம் இருந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் அல்லவா அவர்கள்!

ஆனால் வெறும் ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வது கவசமாகாது. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் விழும்போது அது முதலில் பறந்து போகும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்ளே வைத்த நுரைப் பொருள் நசுங்கிப் போய்விடும், மறுமுறை காக்காது. வெளியே சிறு கீறல்தானே, சாமான் நன்றாயிருக்கிறதே என்று நமது வியாபாரப் புத்தி சொல்லும். அந்தப் புத்தியைச் சரக்கு வாங்கும் இடத்தில் வைத்துக்கொள்வோம்.

இனி முதலாளிமாருக்கு. பையன் வேகமாகப் போவது அவன் இளமையால் மட்டுமா? "என்னடா, இன்னும் வரவில்லை!" என்று கைப்பேசியில் அதட்டும் குரல் யாருடையது? நோன்பு மாதத்தில் மஃரிபுக்குக் கால் மணி இருக்கையில் நான்கு பொட்டலங்களைக் கையில் கொடுத்து, பாங்குக்கு முன் சேர்த்துவிடு என்று விரட்டுவது யார்? அவசரம் ஷைத்தானுடையது என்று ஹதீஸில் படித்துவிட்டுக் கல்லாவில் அமர்ந்து அவசரத்தை விற்கிறோம். தேய்ந்த டயரை மாற்றாமல் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளுகிறோம்.

தவறுதலாக ஒரு முஃமினின் உயிரைப் போக்கியவன்மீதும் திருமறை கடமை விதித்திருக்கிறது: குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை, அத்துடன் ஓர் அடிமையை விடுதலை செய்வது, அதற்கு வழியில்லாவிட்டால் இடைவிடாமல் 2 மாத நோன்பு. வேண்டுமென்று செய்யவில்லையே என்று ஷரீஅத் கைகழுவி விடவில்லை. விரட்டிய முதலாளிக்கு அதில் பங்கு எவ்வளவு என்பதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கடைக்காரர், தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை. நாட்டுச் சட்டம் மட்டும் தெளிவாக இருக்கிறது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பெர்கெசோவில் வேலை விபத்துக்கான சந்தா கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் மிச்சம் பிடிக்கும் வெள்ளி ஹலாலான லாபந்தானா என்று கணக்கெழுதும்போது ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்திப் பாருங்கள்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ், நம் சக்தியால் ஆனதல்ல, அவனிடமே திரும்பிச் செல்வோம் என்பதே அதன் கருத்து. வண்டியைக் கிளப்பும் முன் நின்று நிதானமாக ஓதட்டும். ஓதி முடிப்பதற்குள் தாடைப் பட்டையையும் மாட்டிவிடலாம்.