அடுப்படி வரைக்கும்

மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி, தை மாதக் காலைகளில் ஒரு சின்னக் கூட்டத்தைப் பார்க்கலாம். எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். தலையில் தொப்பி, தோளில் தண்ணீர் பாட்டில். முன்னால் நடக்கும் இளம்பெண் திரும்பித் திரும்பி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போவாள். கபாலி கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், குளத்தைச் சுற்றுவார்கள், 1927-லிருந்து இருக்கும் காளத்தி கடையில் ஆளுக்கொரு ரோஸ் மில்க் குடிப்பார்கள். பிறகு எங்காவது டபரா டம்ளரோடு நிற்பார்கள். ஆற்றக் கற்றுக்கொள்ளும்போது ஒருவராவது கையில் ஊற்றிக்கொள்வார். அதைப் பார்த்துப் பூக்காரம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பு கட்டணத்தில் சேராதது.

உலகம் முழுக்க இந்த நடைகளுக்கு இப்போது ஒரே அச்சுதான். மெக்ஸிகோவின் வாஹாகாவிலும் புவெப்லாவிலும் இதே போலப் பத்துப் பன்னிரண்டு பேர். காலையில் சந்தை, மதியம் ஒரு வீட்டில் சமையல். அங்கே ஒரு அம்மாள் ‘மெதாத்தே’ என்ற கல்லில் மிளகாயும் கொக்கோவும் அரைத்து மோலே குழம்பு செய்து காட்டுவார். நம் அம்மிக்குக் கால் வைத்தால் மெதாத்தே. மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கு வெகு காலம் முன்பே, 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்ஸிகோ தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ், மோலேவுக்கும் நம் குழம்புக்கும் இருக்கும் சாயலைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் இங்கே ஆறு வருஷம் இருந்தார். டூரில் வருபவர்களுக்கு ஆறு நாள் கிடைத்தால் அதிகம்.

காசு கொடுத்து இன்னொருவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தால் அவரைப் பற்றி என்ன தெரியவரும்? பெசன்ட் நகரில் என் எதிர்வீட்டு மாமியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. மாமி வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறார். ஏதோ ஒரு டூர் ஏஜென்ட் மூலம் நாலைந்து பேராக வருவார்கள். சாம்பார், ரசம், ஒரு கறி, தேங்காய்த் துவையல். பகல் சாப்பாடு இலையில்.

கூட்டம் வருவதற்கு முதல்நாள் சாயந்தரம் மாமி கொல்லைப்புறம் போய், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் அம்மியை வேலைக்காரம்மாவோடு சேர்ந்து உள்ளே கொண்டுவருவார். தென்னந்துடைப்பத்தால் தேய்ப்பார், கல் உப்பு வைத்து ஒருமுறை அரைத்து வழித்துப் போடுவார். மாமி வீட்டில் தினசரித் துவையல் அரைப்பது மிக்ஸி. தோசைக்கு மாவு தெருமுனைக் கடை பாக்கெட். ஆனால் வருகிறவர்கள் அம்மியைத்தான் படம் எடுப்பார்கள், அம்மியில்தான் அரைத்துப் பார்ப்பார்கள், குழவியைத் தள்ளத் தெரியாமல் நகத்தைப் பெயர்த்துக்கொள்வார்கள்.

“இது கொஞ்சம் நாடகம் இல்லையா மாமி?” என்று கேட்டேன்.

“ஆத்துக்கு யாராவது வந்தா வெள்ளி டம்ளரை எடுக்கறோமே, அது நாடகமா? தினமும் அதுலயா குடிக்கறோம்?” என்றார்.

எனக்குப் பதில் இல்லை. வாஹாகாவிலும் விஷயம் இப்படித்தான். மெதாத்தேயில் மக்காச்சோளம் அரைப்பது இடுப்பொடியும் வேலை. முட்டிபோட்டு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். கிராமத்துக்குக் கிராமம் மின்சார மில் வந்ததும் பெண்கள் ஊறிய சோளத்தைப் பாத்திரத்தில் சுமந்துகொண்டு அங்கே போகத் தொடங்கினார்கள். பல வீடுகளில் அதுவும் போய் இப்போது பாக்கெட் மாவு. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கல்லைக் காணோமே என்று அங்கலாய்ப்பவர் யாரும் அதன் முன் முட்டிபோட்டவர் அல்ல.

ஆனால் மாமியின் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. ஒருமுறை கூட்டம் கேட்ட தேதி மாமியின் மாமனார் திவசத்தில் வந்து விழுந்தது. ஏஜென்டிடம் முடியாது என்றார். அவன் விடவில்லை. வந்தவர்களுக்குச் சடங்குகளில் ஆர்வம், ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், வேண்டுமானால் தொகையைக் கூட்டித் தருகிறோம் என்றானாம். “அன்னிக்கு நான் மடி. பச்சைத் தண்ணிகூட யாருக்கும் தரமாட்டேன்” என்று போனை வைத்துவிட்டார்.

அந்த அடுப்படியைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்றைய சமையலில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. காரத்துக்கு மிளகு. வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை, மிளகு போட்ட வடை. தள்ளி வைத்த காய்களை ஒரு வரைபடத்தில் குறித்தால் பாதிக்குமேல் அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் போய் நிற்கும். போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் மிளகாய் இங்கே வந்தது. மற்றவை பின்னாலேயே வந்தன. நாக்கு அவற்றைச் சேர்த்துக்கொண்டுவிட்டது, பிதுரர்களின் இலை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் இதே விலக்கு உண்டு. இதிலும் ஒரு ஓட்டை: பல வீடுகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு அனுமதி இருக்கிறது. அதுவும் அமெரிக்கக் கிழங்குதான். அதனிடம் மட்டும் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை போலிருக்கிறது.

மாமி மறுத்தது சரி என்று சொல்லத் தோன்றுகிறது. உடனே கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது. மடி என்ற அந்த ஒற்றைச் சொல் டூர் ஏஜென்டை மட்டும் நிறுத்தவில்லை. வஞ்சிரம் வறுக்கும் வீட்டில் பிறந்த நானும் அந்த நாளில் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அம்மியைத் தூக்கிவரும் வேலைக்காரம்மாவுக்கும் அன்று விடுமுறை. ஒரு வீடு தனக்கென்று வைத்துக்கொள்ளும் மூலைக்கும், பிறரைத் தள்ளி வைத்த வாசலுக்கும் எங்கே கோடு கிழிப்பது என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கதவில்தான் இருக்கின்றன.

கதவைத் திறந்தே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்ஸிகோவிலேயே ஒரு கதை உண்டு. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோவதாக நம்பிக்கை. செண்டுமல்லி அவர்கள் ஊர்ப் பூ. அதை வாசலிலிருந்து உதிர்த்துப் பாதை போட்டு, போனவருக்குப் பிடித்த பண்டங்களையெல்லாம் படைப்பார்கள். மோலே பிடித்தவருக்கு மோலே, பீர் பிடித்தவருக்கு பீர். நம் திவசத்துக்கு நேர் எதிர். இங்கே இலையை நிர்ணயிப்பது விதி, அங்கே போனவரின் நாக்கு. 2015-இல் வந்த ‘ஸ்பெக்டர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் மெக்ஸிகோ நகரத் தெருக்களில் அந்த நாளில் பெரிய எலும்புக்கூட்டு ஊர்வலம் போவதாகக் காட்டினார்கள். அப்படி ஒரு ஊர்வலம் அந்த நகரத்தில் வழக்கத்திலேயே இல்லை, படத்துக்காக ஜோடித்தது. ஆனால் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தேடுவார்களே என்று 2016-இல் நிஜமாகவே ஊர்வலம் நடத்தினார்கள். இப்போது அது வருஷா வருஷம் நடக்கிறது. வாஹாகாவின் ஹோஹோகோத்லான் கல்லறையிலோ, குடும்பத்தோடு சமாதியருகே உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றிக் கேமராக்கள்.

இங்கேயும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். சாந்தோம் பக்கத்துக் குயிப்பிள் தீவுக் கல்லறையில் அன்று குடும்பங்கள் சமாதிகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும். டூர்க் கூட்டம் எதையும் நான் அங்கே பார்த்ததில்லை. இனி வராது என்று சொல்வதற்கில்லை.

வந்து பார்ப்பதால்தான் எல்லாம் கெட்டுவிடுகிறது என்ற கட்சியில் நான் இல்லை. பார்க்காமலே எடுத்துக்கொண்டதும் நிறைய உண்டு. பெசன்ட் நகர் பீச்சில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு எதிரே சாயந்தரம் நின்று பாருங்கள். தள்ளுவண்டியில் கரி அடுப்பு, பக்கத்தில் மக்காச்சோளக் கதிர். விசிறியால் விசிற விசிறப் பொறி பறக்கும். சுட்ட கதிரின் மேல் பாதி எலுமிச்சையை மிளகாய்ப்பொடி உப்பில் தொட்டுத் தேய்த்துத் தருவார்கள். அடுத்த வண்டியில் கொய்யாவைக் கீறி அதே மிளகாய்ப்பொடி. மெக்ஸிகோ நகரத்தின் எந்தத் தெருமுனையிலும் இதே இரண்டு வண்டிகளைக் காணலாம். சோளம், கொய்யா, மிளகாய் மூன்றும் அந்தப் பக்கத்தவை. எலுமிச்சை மட்டும் ஆசியாவிலிருந்து போனது. கதிர் சுடுகிற அண்ணன் மெக்ஸிகோவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேள்விப்படாமலே அங்கத்தி ருசியைப் பிசகாமல் தருகிறார்.

பதிலுக்கு நம் பக்கத்துப் புளி அங்கே போய்ச் சர்பத்தானது, மிளகாயோடு சேர்ந்து மிட்டாயும் ஆனது. மாம்பழம் மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்கு 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் போனது. மனிதர்களும் அந்தக் கப்பல்களில் போனார்கள், டூருக்கு அல்ல. அடிமையாகக் கொச்சி, மணிலா வழியாகக் கொண்டுபோகப்பட்ட ஒரு இந்தியப் பெண், கத்தரீனா தெ சான் ஹுவான் என்று பெயர் மாற்றப்பட்டு, புவெப்லாவில் 1688-இல் இறந்தார். அவர் எந்த அடுப்படியில் எதைச் சமைத்தார் என்று மோலே தின்னப் போகும் யாரும் கேட்கப்போவதில்லை.

மிளகாய் வழிகாட்டி இல்லாமல் வந்தது, நன்மையாகவே முடிந்தது. மக்காச்சோளம் போன இடமெல்லாம் அப்படி முடியவில்லை. மெக்ஸிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, தோலைக் கழுவிக் களைந்துதான் அரைப்பார்கள். பல்லாயிரம் ரொட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் வேலை அது. ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது சோளம் மட்டும். சுண்ணாம்பு தோலை எடுக்கத்தானே என்று நினைத்தார்களோ, நினைக்கவே இல்லையோ, அந்த முறை கூடப் போகவில்லை. வட இத்தாலியிலும் ஸ்பெயினிலும், பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளத்தையே தின்று பிழைத்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போயிற்று, புத்தி கலங்கியது. பெலாக்ரா என்று பெயர். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இது தொற்று அல்ல, சாப்பாட்டுக் குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1910-களில் காட்டினார். குறைந்தது நியாசின் என்ற சத்து என்பது 1937-இல்தான் விளங்கியது. சோளத்துக்குள் பூட்டிக்கிடந்த அந்தச் சத்தைத் திறந்துவிட்டது சுண்ணாம்பு. நம்மூர் தப்பித்ததற்குக் காரணம் நம் புத்திசாலித்தனம் இல்லை. இங்கே மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் கோழிகளுக்குப் போகிறது.

டூர்களைப் பற்றி எனக்கு இருக்கும் குறை இங்கேதான். அவை ருசியைக் காட்டுகின்றன, கல்லைக் காட்டுகின்றன. இராத்திரி முழுக்க ஒன்றும் நடக்காமல் ஒரு பாத்திரம் ஊறிக்கொண்டிருப்பதை யாருக்குக் காட்டுவது? படத்துக்கு ஆகாது. இன்னொரு குறை, எந்த அடுப்படியைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பதில். நான் பார்த்த நடைகளில் சென்னைச் சாப்பாடு என்றால் இட்லி, பொங்கல், காபி. மாமி வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. 2015-இல் அங்கே விழா எடுத்துக் கர்நாடக சங்கீதத்தைக் குப்பத்துக்குக் கொண்டுபோனபோது ஊரே பேசியது. அங்கே கொதிக்கும் நெத்திலிக் குழம்பை நம் ஊர்ச் சமையல் என்று எத்தனை பேர் காட்டியிருக்கிறார்கள்? குப்பத்துப் பெண்கள் வேடிக்கைப் பொருளாக வேண்டும் என்று சொல்லவில்லை. அம்மியை எடுத்து வைப்பதா, கதவைச் சாத்துவதா என்று முடிவுசெய்யும் வாய்ப்பு மாமிக்கு இருந்தது. அந்தக் கூலியும் அந்த வாய்ப்பும் அவர்கள் வாசலுக்கு வரவே இல்லை.

என் தோழி ஒருத்தி இந்தப் பிப்ரவரியில் வாஹாகா போகிறாள், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில். நவம்பர் விலை அதிகம் என்பதால்தான் பிப்ரவரி. என்றாலும் நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மாமியிடம் சொல்லிக்கொள்ள அவளை அழைத்துப் போனேன். மாமி விமானம் எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லை, சைவம் கிடைக்குமா என்றும் கேட்கவில்லை. சுண்ணாம்புக் கதையை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

“ஒரு கிலோ சோளத்துக்கு எவ்வளவு சுண்ணாம்புன்னு கேட்டுண்டு வா. கொதிக்கறப்போ போடறாளா, எறக்கிட்டுப் போடறாளா? எத்தனை தடவை அலம்பறா? வெத்தலைக்குப் போடறோமே, அந்தச் சுண்ணாம்பு போறுமான்னும் கேளு. எழுதிக்கோ, மறந்துடுவே.”

தோழி போனை எடுத்து எழுதிக்கொண்டாள்.