தேர்வு யாருடையது?

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பரீட்சையும் தேர்வுதான்; பலவற்றில் ஒன்றை விரும்பி எடுத்துக்கொள்வதும் தேர்வுதான். முன்னதில் வேறு யாரோ நம்மைச் சோதித்து எடுக்கிறார்கள், அல்லது தள்ளுகிறார்கள். பின்னதில் எடுப்பவனும் நான், தள்ளுபவனும் நான். இரண்டும் ஒரே சொல்லில் குடியிருப்பதால் மொழிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால், பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடப்பதைப் பார்த்தால், முதல் தேர்வு இரண்டாவது தேர்வை விழுங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணிதமும் அறிவியலும் படித்தவள். ப்ளஸ் டூவில் 600-க்கு 580 வாங்கியிருக்கிறாள். கல்லூரியில் வரலாறு படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டில் யாரும் அடிக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டவில்லை. பெரியப்பா மட்டும் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கேட்கிறார்: "ஏம்மா, இவ்வளவு மார்க்கை வாங்கி வச்சுக்கிட்டு இதுக்கா போகப் போறே? அத்தனையும் வீணாப் போயிடுமே!"

அந்த 'வீணாகப் போய்விடும்' என்ற வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எது வீணாகப் போகும்? அவள் படித்த கணிதம் அவள் மூளையில் இருக்கிறது. இரவு கண்விழித்துப் படித்த பழக்கம் அவளிடம் இருக்கிறது. அவை எங்கும் போய்விடாது. பெரியப்பா சொல்வது அவற்றை அல்ல. மார்க் என்பது அவர் கணக்கில் ரூபாய். அதுவும் ஒரே நாளில், ஒரே கடையில் செலவழித்துவிட வேண்டிய ரூபாய். மிச்சம் வைத்தால் செல்லாது. ஆகவே, கையில் உள்ள பணத்துக்கு எது விலை உயர்ந்ததோ அதை வாங்கிவிட வேண்டும், தேவை இருக்கிறதோ இல்லையோ! சந்தைக்குப் போகும் எந்தக் குடித்தனக்காரரும் இப்படிச் சாமான் வாங்கமாட்டார். அரிசி வாங்கப் போனவர், பையில் பணம் இருக்கிறது என்பதற்காகக் குங்குமப்பூ வாங்கிக்கொண்டு திரும்புவதில்லை. காய்கறிக்கு உள்ள நிதானம் படிப்புக்கு இல்லாமல் போயிற்று.

இந்தப் பழக்கம் ப்ளஸ் டூவில் தொடங்குவதும் அல்ல. பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்துவிடுகிறோம். கணிதமும் அறிவியலும் சேர்ந்தால் 'ஃபர்ஸ்ட் குரூப்'. வணிகவியலும் கணக்குப் பதிவியலும் அதற்குக் கீழே எங்கேயோ. தொழிற்கல்விப் பிரிவு எல்லாவற்றுக்கும் கடைசி. முதல் என்றும் கடைசி என்றும் யார் எண் போட்டது? பாடங்களுக்குள் ஏது உயர்வு தாழ்வு? ஜாதியை ஒழிக்க வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டு, அந்தப் பாடப் புத்தகங்களுக்குள்ளேயே ஒரு வரிசையை ஏற்படுத்தி வைத்திருக்கிறோம். முதல் குரூப்பில் படித்தவன் பிறகு வணிகவியலுக்கு வரலாம். வணிகவியல் படித்தவன் பொறியியலுக்குப் போக முடியாது. பதினைந்து வயதில் விழுந்த கோடு அது.

வாசல்கள் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. ஒரு காலத்தில் இரண்டு வருஷ இன்டர்மீடியட் இருந்தது. 1950-களின் நடுவில் அது போய், ஒரு வருஷப் பி.யு.சி. வந்தது. 1978-ல் அதுவும் போய் ப்ளஸ் டூ வந்தது. தொழிற்படிப்புகளுக்கு 1984-ல் நுழைவுத் தேர்வு வைத்தார்கள், 2007-ல் எடுத்தார்கள். 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்து நிற்கிறது. பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று கூட்டி, 200-க்கு இத்தனை என்று ஒரு 'கட்-ஆஃப்' போடுகிறார்கள். இவற்றில் எது நியாயம், எது அநியாயம் என்பது பெரிய விவாதம். அதற்குள் நான் இப்போது போகவில்லை. வாசலும் காவலும் மாறியும், உள்ளே நுழையும் முறை மட்டும் மாறவில்லை. எந்த வாசல் நம்மை அனுமதிக்கிறதோ, அதில் மிக உயரமான வாசலில் நுழைந்துவிட வேண்டும் என்பதே அன்றும் இன்றும் வழக்கம்.

இதைச் சொன்னவுடன், 'பிடித்ததைப் படி' என்று உபதேசம் செய்யப் போகிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடும். அந்த உபதேசத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. பெரும்பாலும் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்கள் சொல்லும் வார்த்தை அது. இரண்டு தலைமுறையாகச் சொத்து உள்ள வீட்டில் பிறந்தவன், பிடித்ததைப் படித்துவிட்டு, பிடிக்காமற்போனால் வேறொன்றைப் படிக்கலாம். குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவனுக்கு அப்படி இரண்டு முறை படி ஏற முடியாது. அவனுக்காக ஒரு தோடு அடகுக்குப் போயிருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஒரு தம்பி ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். அந்த வீட்டுத் தகப்பனார், "எதைப் படிச்சா சீக்கிரம் வேலை கிடைக்கும்?" என்று கேட்டால், அது பேராசையும் அல்ல, அறியாமையும் அல்ல. வெயிலில் நின்றவனுக்கு நிழலின் அருமை தெரியும், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேலி செய்கிற இலக்கியவாதிகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே, பணத்தைப் பற்றிய கவலை நியாயமானது. அந்தக் கவலை எந்த உருவில் பிள்ளையிடம் வந்து சேருகிறது என்பதுதான் என் கேள்வி. "நம்மிடம் இவ்வளவுதான் இருக்கிறது; இவ்வளவு கடன் வாங்கலாம்; தம்பிக்கு இவ்வளவு வேண்டும்" என்று தகப்பனார் கணக்கை விரித்துக் காட்டினால், அது உண்மை. உண்மையைத் தெரிந்துகொண்டு அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அடிமைத்தனம் அல்ல. உலகத்தில் எல்லாத் தேர்வுகளும் ஏதோ ஓர் எல்லைக்குள்தான் நடக்கின்றன. ஆனால் பல வீடுகளில் கணக்கை விரிப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தியாகத்தை விரிக்கிறார்கள். "உனக்காக நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டோம்!" என்கிறார்கள். கொடுத்தது கொடையா, கடனா? கொடையென்றால் திருப்பிக் கேட்கக் கூடாது. கடனென்றால் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். கொடையாகக் கொடுத்துவிட்டுப் பதினேழு வருஷம் கழித்து, வட்டியாக அவனுடைய வாழ்நாள் முழுவதையும் கேட்பது எந்த தர்மத்தில் சேர்ந்தது?

சரி, பிள்ளைக்குத்தான் தெரியுமா தனக்கு எது வேண்டுமென்று? பதினேழு வயதில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு படிப்பின் ருசி அதன் பெயரில் இல்லை. அதில் இறங்கி உழைக்கும்போதுதான் தெரிகிறது. சிலருக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அவர்களை உலகம் என்ன பாடுபடுத்துகிறது என்பதும் நமக்குத் தெரியும். உ. வே. சாமிநாதையரின் தகப்பனார் சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்தில் வர வேண்டும் என்று விரும்பியவர். மகன் மனம் தமிழில் நின்றது. 1871-ல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். பின்னால் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழ் போதித்தார். அவர் அங்கிருந்து சென்னைக்குப் போன மறு வருஷம், 1904-ல், அதே கல்லூரியில் ராமானுஜன் வந்து சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் மற்றப் பாடங்களில் தவறி, உதவிச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சை தேறவில்லை. 1912-ல் துறைமுகத்தில் குமாஸ்தா. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

ராமானுஜனைக் காட்டி, பரீட்சையில் தவறியவர்களெல்லாம் மேதைகள் என்று சொல்வது பைத்தியக்காரத்தனம். நம் வீட்டுப் பிள்ளைகள் ராமானுஜன்கள் அல்ல. அவர்கள் அப்படி இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தக் கல்லூரி வேண்டுமென்று அவரைத் துன்புறுத்தவும் இல்லை. தன் விதிப்படிதான் நடந்துகொண்டது. விதியில் பிழையில்லாமலே மனிதனைத் தவறவிட முடியும் என்பதற்குத்தான் அவர் சாட்சி. பரீட்சைக்குத் தெரிந்தது அவ்வளவே. அதற்குமேல் அதைக் கேட்கக் கூடாது.

சாதாரணமானவர்களுக்கு எனக்கு ஆறுதலாகத் தோன்றுவது சி. வி. ராமனின் கதைதான். அவர் 1907-ல் எம்.ஏ. முடித்தவுடன் அரசாங்க நிதித் துறைப் பரீட்சை எழுதிக் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் போனார். பௌதிகத்தை விட்டுவிட்டார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அவர் விடவில்லை. பகலெல்லாம் கணக்கு, காலையும் மாலையும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞானச் சங்கத்தின் ஆய்வுக்கூடம். பத்து வருஷம் இப்படி. 1917-ல், சம்பளம் குறைந்தாலும் சரியென்று உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கல்கத்தா சர்வகலாசாலையில் பேராசிரியரானார். பதினெட்டு வயதில் எடுத்த முடிவு கடைசி முடிவு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? சோற்றுக்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பாவமல்ல. ஆனால், சோற்றுக்காகத் தேர்ந்தெடுத்தோம் என்ற நினைவை மறந்து, அதுவே தன் ஆசை என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வது கெடுதல். ராமன் அந்த நினைவைப் பத்து வருஷம் அணையாமல் வைத்திருந்தார்.

இதுவரை பெற்றோரையும் பிள்ளையையும் பற்றிப் பேசினோம். மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை யாரும் நினைப்பதே இல்லை. 'கட்-ஆஃப்' கிடைத்ததற்காக டாக்டரானவன் முன்னால், பத்து வருஷம் கழித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி வந்து உட்காரப் போகிறாள். வலி எங்கே என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை எந்தப் பரீட்சை அளந்தது? வேறு எதுவும் கிடைக்காமல் வாத்தியாராக வந்தவன் முன்னால் நாற்பது குழந்தைகள் உட்காரப் போகிறார்கள். "ஒண்ணும் கிடைக்கலேன்னா வாத்தியார் வேலைக்காவது படி" என்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். கடைசியில் மிஞ்சியவனிடம் நம் குழந்தையை ஒப்படைப்பதற்கு நாமே ஏற்பாடு செய்கிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை. ஒருவன் படிப்பைத் தேர்ந்தெடுப்பது அவன் சொந்த விஷயம் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. அவன் கையில் பின்னால் வந்து விழப்போகும் மனிதர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே, பிடிக்கிறதா என்று கேட்பதைவிட வேறொரு கேள்வி கேட்கலாம் என்பது என் எண்ணம். எல்லா வேலையிலும் சலிப்பான பகுதி ஒன்று உண்டு. வக்கீலுக்குக் கட்டுக் கட்டாகப் பத்திரம். விஞ்ஞானிக்கு நூறு முறை தவறிப்போகும் சோதனை. வாத்தியாருக்கு அதே பாடம் இருபதாவது வருஷம். எனக்கு, அடித்து அடித்து எழுதும் பக்கங்கள். யாரும் பாராட்டாத ஒரு நாளில், எந்த வேலையின் சலிப்பை என்னால் முகம் சுளிக்காமல் தாங்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பதினேழு வயதிலும் ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லலாம். ஆசையைப் பற்றி அந்த வயதில் பொய் சொல்லிக்கொள்ள முடியும். சலிப்பைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாது.

பெண்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லாத காலம் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் இடம் பெற்று, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பட்டம் பெற்றார். அது பெரிய விஷயம். இன்று கல்லூரிகள் திறந்தே இருக்கின்றன. ஆயினும் எத்தனையோ பெண்களின் பாடத்தை இன்றும் தீர்மானிப்பது மார்க்கும் அல்ல, மனமும் அல்ல, பஸ். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடக் கூடிய தூரத்தில் எந்தக் கல்லூரி இருக்கிறதோ, அதில் எந்தப் பாடம் இருக்கிறதோ, அதுதான் அவளுடைய 'விருப்பப் பாடம்'.

மார்க்கே தேர்ந்தெடுக்கட்டும் என்று நாம் ஏன் இவ்வளவு சந்தோஷமாக விட்டுவிடுகிறோம்? இதை யோசித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விடைதான் கிடைத்தது. மார்க் தேர்ந்தெடுத்தால் யாருக்கும் பொறுப்பு இல்லை. நாளைக்குப் பிள்ளை துன்பப்பட்டால் தகப்பனார், "நான் என்னப்பா செய்வேன், உன் மார்க்குக்கு அது கிடைத்தது" என்பார். பிள்ளையும், "நானா எடுத்தேன்?" என்பான். ஓர் எண்ணின் முதுகில் ஏறிக்கொண்டு எல்லாரும் தப்பித்துக்கொள்கிறோம். சுதந்திரம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பலர். அதோடு சேர்ந்து வரும் பொறுப்பைக் கண்டதும் அதை ஓசைப்படாமல் யாரிடமாவது கொடுத்துவிடுகிறவர்களும் அவர்களே.

எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது என்று மார்க் சொல்லட்டும். அது அதன் வேலை. எவ்வளவு பணம் இருக்கிறது என்று தகப்பனார் சொல்லட்டும், மறைக்காமலும் பெருக்காமலும். அது அவர் கடமை. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாரும் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். "நான் இதைப் படிக்கிறேன்" என்ற வாக்கியத்தை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அது தவறான முடிவாகக் கூட இருக்கலாம். ஆனால் தானே எடுத்த முடிவு தவறினால் ஒரு மனிதன் அதைத் திருத்திக்கொள்ள முடியும். பிறர் எடுத்த முடிவு தவறினால், அதைக் குறை சொல்லிக்கொண்டேதான் காலம் தள்ள முடியும்.