தெர்தியுவின் வாழ்த்து

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் அது பெயர்ப் பட்டியல்தான். கி.பி. 57 வாக்கில் கொரிந்துவிலிருந்து எழுதும் பவுல், விசுவாசம், கிருபை, நியாயப்பிரமாணம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அம்பிலியா, உர்பான், பெர்சியாள் போன்றவை அக்கால ரோமில் அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் சகஜமாக வழங்கிய பெயர்கள். பெர்சியாளைப் பற்றி அவர் சொல்வது: கர்த்தருக்குள் மிகவும் பாடுபட்டவள்.

இடையில் வேறொரு குரல் கேட்கிறது. பவுல் சொல்லச் சொல்ல எழுதிவந்த தெர்தியு, தன் பெயரையும் போட்டு ரோம சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். அத்தனை நீண்ட நிருபத்தையும் நாணல் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுதிய கை அவருடையது. பவுல் அந்த வரியை அப்படியே இருக்க விட்டார். நிருபத்தை ரோமுக்குக் கொண்டுபோனவர் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து.

தமிழ்ச் சபைக்கும் ஒரு தெர்தியு உண்டு. 1871-ல் வெளிவந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் பெயரால்தான் அறியப்படுகிறது. அவரோடு சேர்ந்து உழைத்த தமிழ் அறிஞர் முத்தையா பிள்ளையின் பெயரை ஓய்வுநாள் பள்ளியில் எந்தப் பிள்ளையும் படித்திருக்காது. இது வருத்தத்துக்குரியது, திருத்தக்கூடியதும்கூட.

இப்படிப் பெயர் தெரியாமல் உழைப்பவர்கள் இன்றும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் 'கோயில்குட்டி' என்று ஒருவர் இருப்பார். ஞாயிறு விடியுமுன் கோயிலைத் திறப்பதும், பெருக்கிப் பாய் விரிப்பதும், முதல் மணி அடிப்பதும் அவர்தான். திருவிருந்து நாளென்றால் பாத்திரங்களைத் துலக்கி, பீடத்து வெள்ளைத் துணியைச் சுருக்கம் விழாமல் விரித்து வைக்க வேண்டும். எல்லாரும் வந்து போனபிறகு கடைசியாக முழங்கால் படியிடுவதும் பெரும்பாலும் அவரே. சபை விருந்தான அசனத்தன்று அடுப்படியிலும் இதே கதைதான். இராத்திரி முழுக்கக் கண் விழித்துச் சோறு வடித்தவர்கள் கடைசிப் பந்தியில் உட்காரும்போது, குழம்புச் சட்டியின் அடி தெரிந்துவிடும்.

கொரிந்து சபையிலும் பந்தியில்தான் பிரச்சினை வந்தது. சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். வேலை முடிந்து தாமதமாக வந்த உழைப்பாளிகள் அவர்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று கடிந்து எழுதிய பவுல், அடுத்த அதிகாரத்தில்தான் சபையைச் சரீரமாகக் காட்டி, பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்கிறார். அந்தப் புகழ்பெற்ற பகுதியைச் சோற்றுப் பந்தியிலிருந்து பிரித்துப் படித்தால் அது வெறும் அழகான உவமையாகிவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகையில் இப்படி உழைப்பவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நல்லதுதான். ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று சபைகள் எண்ணிக்கொள்வது சரியல்ல. ஆதிச் சபை இன்னும் ஒரு படி போனது. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அவர்களைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சபையாரிடமே சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய பந்தி விடுபட்டதோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்திப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது என்றுதான் இதை வாசிக்க முடிகிறது.

அப்படியானால் அடுத்த அசனத்துக்குத் திட்டம் போடக் கமிட்டி கூடும்போது அண்டா கிண்டுகிறவர்களில் ஒருவருக்காவது அங்கே நாற்காலி வேண்டும். கோயில்குட்டியின் சம்பளமும் விடுமுறையும், கொடிமரத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பேசப்பட வேண்டும். அதைப் பேசும்போது அவரும் உள்ளே இருக்க வேண்டும்.