கதவுக்குப் பின்னால் அல்யோஷா

ஆந்திரேய் ஸ்வியாகின்ட்செவின் ‘லவ்லெஸ்’ (2017) என்ற ரஷ்யப் படத்தில் போரிஸுக்கு ஒரே பயம்: விவாகரத்து விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். முதலாளி தீவிர ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். குடும்பஸ்தர்களைத்தான் வேலையில் வைத்துக்கொள்வார். 12 வயது மகன் அல்யோஷா என்ன ஆவான் என்ற பயம் மட்டும் போரிஸுக்கு வரவில்லை. பையனை நீ வைத்துக்கொள் என்று தாயும் தகப்பனும் இரவில் சண்டை போடுகிறார்கள். தாய் கழிவறையை விட்டு வெளியே போக, கதவு மறைவில் நிற்கிறான் அவன். வாய் பிளந்து அழுகிறான், சத்தமே இல்லை. அப்புறம் காணாமல் போகிறான்.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். ஆனாலும் கேட்கிறேன்: தாலியோ மோதிரமோ, அது கழன்றால் பாவம் என்கிறோம், கழலாத வீட்டில் வேண்டாத பிள்ளையாக ஒருவன் வளர்ந்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? முதலாளியின் பக்தி அதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

போலீஸ் கைவிரித்த பிறகு, காட்டிலும் பாழடைந்த கட்டடத்திலும் அல்யோஷாவின் பெயரைக் கூவித் தேடுகிறவர்கள் காசு வாங்காத தன்னார்வலர்கள். சாமியைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை. (பேச நேரமும் இல்லை.) அந்த முதலாளியைவிட அவர்களைத்தான் பக்தர்கள் என்பேன். பையன் கடைசிவரை கிடைக்கவில்லை.