தலவாக்கலைக்கும் திருகோணமலைக்கும் நடுவில் ஒரு குடித்தனம்

தேனிலவுக்கு எங்கே போனீர்கள் என்று புதுத் தம்பதியைக் கேட்காத ஊர் இல்லை. எங்களைக் கேட்பவர்கள் மட்டும் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். தலவாக்கலையில் என் சொந்தக்காரர்கள், "ஒனக்கென்னப்பா, நிலாவெளிக் கடலே வாசல்ல கெடக்கு" என்பார்கள். திருகோணமலையில் மனைவியின் பக்கத்தார், "உங்களுக்கென்ன தம்பி, நுவரெலியா கைக்கெட்டுற தூரம்" என்பார்கள். ஒரு வீட்டாரின் குடியிருப்பு மறு வீட்டாரின் உல்லாசப் பயணமாக வாய்த்துவிட்டது. இப்படிப்பட்ட இருவர் லீவு கிடைத்தால் எங்கே போவது?

நான் மலையகத்துக்காரன். தேயிலைக்கு நடுவே வளர்ந்து, படித்து, வங்கி வேலைக்குப் போனவன். கல்யாணத்துக்குப் பிறகு இடமாற்றம் வாங்கிக்கொண்டு திருகோணமலைக்கு வந்ததும் நான்தான். எங்கள் பக்கத்தில் இதைக் கேட்ட பெரியவர்களுக்கு 'வீட்டோடு மாப்பிள்ளை' என்ற சொல் தொண்டைவரை வந்து நிற்பது முகத்திலேயே தெரிந்தது. கிழக்கு மாகாணத்தில் அந்த இளக்காரம் கிடையாது. இங்கே தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் பெண்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் காட்டித்தான் கல்யாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவான். அண்ணன்மார் கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நிற்பது பலமுறை தங்கச்சியின் கூரைக்காகத்தான். என் மாமாவும் மாமியும் முன்வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கச் சாய்ப்புக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகவே நான் குடியிருப்பது மனைவியின் வீட்டில். கோபம் வந்தால் 'வெளியே போ' என்று சொல்லும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. ஆண்களுக்கு இது நல்ல பயிற்சி.

புது ஊர், புதுக் குடித்தனம் என்று சொல்லும்போது, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தெரியாத ஊருக்குள் நுழைவதைப் போலத்தான் கற்பனை செய்கிறோம். நடைமுறையில் அநேகமாக இருவரில் ஒருவருக்கு அது பழைய ஊர். அவருக்குப் பலசரக்குக் கடைக்காரரைத் தெரியும், எந்த நாய் கடிக்கும் என்று தெரியும், எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்றும் தெரியும். மற்றவர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் புதியவர் என்ற வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

காற்றிலேயே ஆரம்பிக்கலாம். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி, கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் எங்கள் தேயிலைமேல் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கிழக்குப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. கிழக்குக் கரைக்கு வந்து சேரும்போது அதற்குப் பெயர் கச்சான். ஜூன் மாதத்தில் அம்மா தொலைபேசியில், "ஒரு வாரமா துணி காயலப்பா" என்று அலுத்துக்கொள்வார். அதே நேரம் முற்றத்தில் மாமி, காலையில் விரித்த சாரம் விறைத்துப் போய்விட்டதென்று முணுமுணுத்தபடி கிணற்றுக் கயிற்றுக்கு நீளம் கூட்டிக்கொண்டிருப்பார். இரண்டு தாய்மாரையும் வதைப்பது ஒரே காற்று. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் முறை மாறும். இங்கே முற்றம் குளமாகும், அங்கே வெயில் எட்டிப் பார்க்கும். முதல் கச்சானில் நான் மதியச் சோற்றுக்குப் பிறகு கண் எரிந்து, உதடு வெடித்துப் படுத்துக் கிடந்தேன். மனைவி மின்விசிறியைக்கூடப் போடாமல் அதே வெக்கையில் கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் கல்யாணத்தில் பேசிய பெரியவர் ஒருவர் ஆற்றைப் பிடித்துக்கொண்டார். தலவாக்கலையைத் தொட்டு ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேருகிறது, மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் விழுகிறது, ஆகவே மாப்பிள்ளை ஆற்றின் வழியே வந்திருக்கிறார் என்றார். நல்ல கைதட்டல். பொறியியலாளர்கள் யாரும் சபையில் இல்லை போலும். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைக்கு அணை நின்று, பொல்கொல்லையில் 1976 முதல் ஒரு பங்கு சுரங்கம் வழியே வடக்கே திரும்பி, மினிப்பேயில் இன்னொரு பங்கு வயலுக்குப் பிரிந்து, மிஞ்சியதுதான் குடாவுக்கு வருகிறது. மாப்பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று பிறகு தோன்றியது. வங்கியும் அம்மாவும் கடனும் நண்பர்களும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

மீன் இன்னொரு பாடம். மலையில் எங்களுக்கு மீன் என்றால் டின் மீன், கருவாடு, அல்லது ஐஸ்பெட்டிக்குள் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து களைத்த மீன். இங்கே கரைவலை இழுத்த மீன் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்போதே விலை பேசுகிறார்கள். மாமி மீன்காரரின் பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு பாரையை எடுத்து, செவுளைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பார். மீன்காரரும் ஒன்றும் சொல்லாமல் அடியிலிருந்து வேறொன்றை எடுப்பார். இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தை கிடையாது. நான் தனியே போகும் நாளில் அந்த மேல்மீன்தான் எனக்குக் கிடைக்கும். மாமி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, பொரிச்சிரலாம்" என்பார். குழம்புக்கு ஆகாது என்பதை மருமகனிடம் அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

இவையெல்லாம் கேட்டுக் கற்கக்கூடியவை. கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. சாயங்காலத்தில் நகரமே காற்று வாங்க வருகிற டச்பே கடற்கரையில், காந்தி சிலைப் பக்கம் மனைவி உட்கார மாட்டாள். கச்சான் கொட்டை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நடப்பாள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை அந்த இடத்தில்தான் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவள் அப்போது பாடசாலைப் பிள்ளை. அவள் இதை எனக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. நடை அங்கே வேகமாவதைக் கவனித்து நான் வேறொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாமி டிசம்பர் 26 அன்று கடல் பக்கம் போவதில்லை. சுனாமி ஆண்டு எதுவென்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னியா வெந்நீரூற்று, பயணிகளுக்கு ஏழு கிணறு, ஏழு விதச் சூடு, வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டு சிரிக்கிற இடம். இந்த வீட்டாருக்கு அது இறந்தவர்களுக்குக் கிரியை செய்துவிட்டுத் தலைமுழுகிய இடம். ஒரே வாளி, ஒரே தண்ணீர். ஊருக்குப் புதியவனாக இருப்பதன் நிஜமான கஷ்டம் இங்கேதான் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் கேட்கலாம். துக்கம் எங்கே இருக்கிறதென்று யாரிடம் கேட்பது?

இந்தக் குடாவில் மாட்டிக்கொண்ட இன்னொரு புதியவனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று 1660இல் பழுதுபார்க்கக் கொட்டியாரத்தில் ஒதுங்கியது. கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் மூதூர்ப் பக்கம் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அரசன் அவர்களைச் சிறையில் பூட்டவில்லை. ஊரூராகப் பிரித்து வைத்து, ஊரவரையே சோறு போடச் சொன்னான். கூட வந்த மாலுமிகள் பலர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். நொக்ஸ் மட்டும் பிடிவாதமாகக் கல்யாணம் செய்யவில்லை. தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1679இல் தப்பி ஓடினான், 1681இல் லண்டனில் புத்தகம் போட்டான். கூர்ந்து பார்க்கிற கண் அவனுக்கு. இந்த நாட்டின் உழவு, உணவு, உடை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் அவன் கடைசிவரை விருந்தாளிதான். மனைவி கட்டிய மாலுமிகளோ புத்தகம் எழுதவில்லை. அவர்களுக்கு எழுத நேரம் இருந்திருக்காது. மாமியாருக்கு என்ன மீன் பிடிக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் எங்கள் முன்வீடு சத்திரமாகிவிடும். தலவாக்கலையிலிருந்து வேன் பிடித்து, கண்டி, தம்புள்ளை, ஹபரணை வழியாக இறங்கி, கந்தளாயில் சட்டித் தயிர் வாங்கிக்கொண்டு வந்து சேருவார்கள். கூடத்தில் வரிசையாகப் பாய். பிரெட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைக் கண்டு பிள்ளைகள் கூத்தாடுவார்கள். பஸ் நிலையத்தின் குப்பையில் அதே மான்கள் பொலித்தீன் மெல்வதைப் பார்க்கிற எங்களுக்கு அவ்வளவு உற்சாகம் வராது. கோணேசர் கோவில் வாசலில் நின்று, 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோவிலை இடித்த கதையை நான் விளக்கும்போது மனைவி சற்றுத் தள்ளி நின்று சிரிப்பை அடக்குவாள். வந்தவன் ஊர்க்காரனாக நடிப்பதை ஊர்க்காரி பார்க்கிறாள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நாங்கள் மலைக்குப் போவோம். அப்போது புதியவள் அவள். நியாயப்படி பார்த்தால் இது சமனாக வேண்டும், ஆகவில்லை. திருகோணமலையில் புதியவனான எனக்கு மீன்தலையும் முதல் இடியப்பமும் வரும். தெரியாதவன் என்பதால் ஒரு வேலையும் சொல்ல மாட்டார்கள். தலவாக்கலையில் புதியவளான அவளுக்கோ, தெரியாதவள் என்பதாலேயே எல்லா வேலையும் சொல்லிக் கொடுக்கப்படும். சுவெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு அதிகாலையில் அம்மாவோடு அடுப்படியில் நின்று ரொட்டி தட்டப் பழகினாள். வெளியே மூடுபனி, தூரத்தில் அருவி, அவள் பார்க்க ஆசைப்பட்ட எல்லாம் இருந்தன. சன்னல் வழியாகப் பார்த்தாள். மருமகனின் அறியாமைக்கு உபசாரம், மருமகளின் அறியாமைக்குப் பயிற்சி. அந்தப் பயணத்தில்தான் அம்மாவிடம் கேட்டேன்: பொகவந்தலாவையிலிருந்து கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது எப்படி இருந்தது? "யாரு கேட்டா?" என்றார் அம்மா. "வந்த மறுவாரமே பேர் பதிஞ்சு மலைக்குப் போயாச்சு."

ஆக, இரண்டு ஊரும் விடுமுறைக்கு உதவாது என்று தெரிந்தது. யாராவது ஒருவர் புரவலர், மற்றவர் விருந்தாளி அல்லது வேலையாள். இருவரும் ஒரே அளவுக்கு விழிக்கிற இடம் வேண்டும். அது மனைவியின் மாவட்டத்துக்குள்ளேயே கிடைத்ததுதான் வேடிக்கை.

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. 2003 முதல் தேசியப் பூங்கா. பிறந்ததிலிருந்து அவள் அதைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறாள். சிறுவயதில் யுத்தம், யுத்தம் முடிந்தபின், அது வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் போகிற இடம் என்று ஆகிவிட்டது. ஒரு பூரணை விடுமுறையில் கிளம்பினோம். படகுக்காரர் எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டு, "கொழும்பா?" என்றார்.

"இஞ்சதான். ரவுன்" என்றாள்.

"ரவுன் ஆக்கள் ஒருத்தரும் வாறல்லயே" என்று சிரித்தார்.

இருவருக்கும் நீச்சல் தெரியாது. கடலோரத்தில் வளர்ந்த பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கி கழுத்தை நெரிக்க, வாடகைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். மூக்கை மூடிவிட்டு வாயால் மூச்சுவிடச் சொல்கிறார்கள்; கேட்க லேசு. முதலில் நான் உப்புநீர் குடித்தேன், அடுத்து அவள். பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபோது சத்தம் முழுவதும் அடங்கி ஒரு மெல்லிய நெறுநெறுப்பு மட்டும் கேட்டது. பச்சையும் நீலமுமாய் ஒரு கிளிமீன் பவளப்பாறையைப் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தது. அவள் என் முழங்கையைக் கிள்ளினாள். பார்த்தால், துடுப்பு நுனியில் மை தொட்டதுபோல் கறுப்போடு, கை நீளச் சுறாக்குட்டி ஒன்று எங்கள் காலடி வெளிச்சத்தைக் கடந்து போனது. சுறாவை வறையாக மட்டுமே அறிந்தவள் அவள். நான் அதுகூட இங்கே வந்துதான் அறிந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, ஒரே நேரத்தில் பேச முயன்று, இருமினோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்கு எதையும் விளக்காத முதல் பொழுது அது. நானும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. திரும்பி வரும்போது உப்புவெளியில் பிளேன்டீ குடித்தபடி, கரையிலிருந்து எது புறாத்தீவு என்று கைகாட்டுவதில்கூட இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அவள் ஊர்தான், ஆனால் அன்றைக்கு அவள் சொன்னதே சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு நெடுந்தீவு என்று பேசிவைத்திருக்கிறோம். குறிகட்டுவானில் படகேற வேண்டும், தீவில் குதிரைகள் திரிகின்றன என்பதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை: "தெரிஞ்சவங்க வீட்ட தங்குறதெண்டா நான் வரல்ல. பிறகு நான் குசினிக்குள்ளதான் நிக்கணும்." மாமி அதற்குள் யாழ்ப்பாணத்தில் தனக்கொரு ஒன்றுவிட்ட தங்கச்சி இருப்பதாகவும், சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பக்கம் போய்வந்தால் அவள் கோபிப்பாள் என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்.