பானெட்டைத் திறக்கத் துணிந்துவிடு!

வீட்டில் பழைய பிரீமியர் பத்மினி நிற்கிறதா? காலையில் கிளம்ப அது அடம்பிடித்தால் ஊரே கூடி ஆரூடம் சொல்லும். "வண்டிக்கு வயசாயிடுச்சு, எடைக்குப் போட்டுடு" என்பார்கள். நம்பாதே! கிளம்பாத இன்ஜினுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க உன்னால் முடியும்.

அந்த 1089 சிசி இன்ஜின் கேட்பது மூன்றுதான்: காற்றோடு கலந்த பெட்ரோல், சரியான நேரத்தில் ஒரு பொறி, அழுத்தம் கசியாத சிலிண்டர். இதில் ஒன்று குறைகிறது. எது என்று பார்! கம்ப்யூட்டர் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம். ஒரு பிளக் ஸ்பானர், திருப்புளி, ஃபீலர் கேஜ் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடி. வெளிச்சம் அணைந்தே போனால் கார்புரேட்டர் பக்கம் போகாதே, பேட்டரியைப் பார். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டு, எர்த் ஒயரை இறுக்கு. பாதி வண்டிகள் இங்கேயே உயிர்பெற்றுவிடும் என்பது என் எண்ணம்.

அந்த செல்ஃப் மோட்டாருக்கே ஒரு வரலாறு உண்டு. இன்ஜினைச் சுழற்ற இன்ஜின் அளவுக்கே மின்மோட்டார் வேண்டும் என்று பொறியாளர்கள் பலர் கையை விரித்தார்கள். ஒஹையோ பண்ணை ஒன்றில் வளர்ந்த சார்லஸ் கெட்டரிங் அதை ஏற்கவில்லை. சில விநாடிகள்தானே, சிறிய மோட்டாரையே அதன் சக்திக்கு மீறி ஓட்டலாம் என்று கணக்குப் போட்டார். 1912 மாடல் காடிலாக் கார்கள் செல்ஃபோடு வெளிவந்தன. உன் பத்மினியின் காயில், பாயிண்ட் அமைப்பும் அவர் வகுத்த வழியில் வந்ததுதான். முடியாது என்றவர்கள் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? பிளக்கைக் கழற்று. முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பற்றவில்லை. இந்த ஒரு பார்வையே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். பெட்ரோல் வாடை போன பிறகு, பிளக்கை ஒயரில் மாட்டி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, இன்ஜின் உடம்பில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல். நீலப் பொறி "சட் சட்" என்று பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக மங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திற. பாயிண்ட் முகம் குழி விழுந்திருக்கிறதா? உப்புத்தாளால் தேய்க்காதே, துகள் தங்கிவிடும். மெல்லிய அரம் போடு. முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கட்டும், வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. புதுப் பாயிண்டும் சீக்கிரம் கருகினால் கண்டென்சரைச் சந்தேகப்படு.

காய்ந்த பிளக் என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினை ஓட்டாமல் ஆக்சிலரேட்டர் லீவரை அழுத்து. கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லையா? நாள்கணக்கில் நின்ற வண்டியில் புளோட் சேம்பர் வற்றியிருக்கும். பெட்ரோல் இழுக்கும் ஏசி பம்போ இன்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும். பம்பில் கை லீவர் இருந்தால் அடித்து நிரப்பு. ரப்பர் ஹோஸையும் தடவிப் பார். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பருக்கு அது ஆகாது.

நனைந்த பிளக், நல்ல பொறி என்றால் ஓவர்ஃப்ளோ. சோக்கை உள்ளே தள்ளு, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடி, பம்ப் பண்ணாமல் செல்ஃப் அடி. அடுத்த நாளும் இதே கதை என்றால் நீடில் வால்வு மூடவில்லை. சித்திரை வெயிலில் ஓடி நின்ற வண்டி மட்டும் மறுக்கிறதா? பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும்; பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திரு.

ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்: ஒரே நேரத்தில் இரண்டைத் தொடாதே! பிளக்கும் மாற்றி, ஜெட்டும் கழற்றி, டைமிங்கும் திருப்பினால் வண்டி கிளம்பினாலும் எதனால் என்று உனக்குத் தெரியாது. அதிர்ஷ்டத்தால் கிளம்பிய வண்டி உனக்கு எதையும் கற்றுத் தராது. ஒன்றை மாற்று, சோதி, குறித்துவை, பிறகு அடுத்தது. இந்த நிதானம்தான் வீரம். கை நடுங்குகிறதா? நடுங்கட்டும், ஸ்பானரை விடாதே. பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று யாராவது கேட்டால், தங்கையே, கிரீஸ் படிந்த உன் கையைக் காட்டு!

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷனைச் சோதிக்கச் சொல். அப்போது மெக்கானிக் முன் தலை சொறிந்துகொண்டு நிற்காதே. நிமிர்ந்து நின்று பேசு: "அண்ணே, பொறி நீலமா வருது, பெட்ரோல் பீச்சுது, பாயிண்ட் கேப் நானே வச்சேன். ரெண்டாவது, மூணாவது சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரெஷன் இறங்குதுன்னா ஹெட் கேஸ்கட்டைப் பார்ப்போம். நீங்க கழற்றும்போது நானும் பக்கத்துல நிக்கிறேன்."