முழு டிக்கெட்

ஆரணிக்கு ரயிலில் வருகிறவர்கள் ஆரணியில் இறங்க முடியாது. 'ஆரணி ரோடு' என்று பலகை வைத்த ஸ்டேஷன் களம்பூரில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். கையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தால் அது ஒரு தூரமே இல்லை. இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் என்பதை எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்த மறுமாதம் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதை எனக்கு நினைவூட்டிய இன்னொரு டிக்கெட்டைப் பற்றி முதலில் சொல்லவேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனோடு சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை இருவரும் மூனிக் நகரத்திலிருந்து சால்ஸ்பர்க்குக்குப் புறப்பட்டோம். அது மொஸார்ட் பிறந்த ஊர். ஆஸ்திரியா தேசத்தைச் சேர்ந்ததுதான். என்றாலும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து ஒருநாள் டிக்கெட் அதுவரை செல்லும்.

அந்த டிக்கெட் கெட்டிக்கார ஏற்பாடு. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரையில் போகலாம். ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகிற செலவு குறைந்துகொண்டே வரும். அதிவேக வண்டிகளில் மட்டும் ஏறக்கூடாது. மாநிலத்துக்குள் ஓடும் மற்ற சாதாரண வண்டிகளில், சனி ஞாயிறு என்றால் நள்ளிரவு முதல், வாரநாளென்றால் காலை 9 மணி முதல், மறுநாள் விடியற்காலை 3 மணி வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. போகிறவர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதவேண்டும். வேறொருவருக்கு அதைக் கைமாற்றக் கூடாது.

இன்னொன்று. அங்கே ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் கேட்க ஆளும் இல்லை, தடுக்கக் கதவும் இல்லை. நேரே போய் வண்டியில் உட்காரலாம். பரிசோதகர் வந்தால் காட்டவேண்டும். டிக்கெட் இல்லாமல் அகப்பட்டால் 60 யூரோ அபராதம். மற்றபடி, நீ யோக்கியன் என்று நம்பித்தான் வண்டியை ஓட்டுகிறார்கள்.

நாங்கள் சால்ஸ்பர்க்கில் இறங்கித் தமிழில் பேசிக்கொண்டு வந்தபோது ஒரு பையன் அருகே வந்தான். இருபது வயதுக்குமேல் இருக்கும்.

"சார், தமிழா?"

அந்த ஊரில் படிக்கிறவனாம். அன்று மூனிக் போகவேண்டுமாம். நாங்கள் இரவு அங்கேயே தங்கப் போகிறோம் என்பது பேச்சுவாக்கில் தெரிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உங்க டிக்கெட் இனிமே உங்களுக்கு வேண்டாம்தானே சார்? எனக்குக் கொடுத்தீங்கன்னா பெரிய உதவி."

"அதில் எங்கள் பேரை எழுதியிருக்கிறோமே, தம்பி."

"அடையாளம் கேட்கிறது அபூர்வம் சார். பேரைக் கேட்டா உங்க பேரைச் சொல்லிடறேன். நம்ம பேரெல்லாம் அவங்களுக்கு ஒண்ணுதான்."

அண்ணன் மகன் என் முகத்தைப் பார்த்தான். "வேண்டாம் தம்பி, தப்பு" என்றேன். பையன் வற்புறுத்தவில்லை. "சரி சார்" என்று சிரித்துவிட்டு டிக்கெட் இயந்திரத்தின் எதிரே போய் நின்றான். சட்டைப்பையைத் துழாவிச் சில்லறையை உள்ளங்கையில் கொட்டி எண்ணினான். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

கொடுத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நாள் முழுமைக்கும் பணம் கட்டியாகிவிட்டது. அவன் ஏறாவிட்டாலும் வண்டி போகத்தான் போகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கோனிக்ஸ்பர்க் நகரத்தில் வாழ்ந்த கான்ட் என்ற தத்துவஞானி இதற்கு ஒரு பரீட்சை வைத்தார். நீ செய்வதை உலகம் முழுவதும் விதியாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார் என்பது அதன் சாரம். எல்லோரும் சீட்டைக் கைமாற்றினால் மலிவான சீட்டு இருக்காது; வாசலில் கதவு முளைக்கும். அவ்வளவு தூரம் போவானேன்? அந்தப் பையன் அகப்பட்டிருந்தால், அடுத்தமுறை நம் நிறத்தில் ஒரு முகத்தைக் கண்டதும் பரிசோதகர் பாஸ்போர்ட்டை நீட்டச் சொல்வார். 'நம்ம பேரெல்லாம் ஒண்ணுதான்' என்று அவன் சொன்னது அப்போது வேறு விதத்தில் உண்மையாகிவிடும்.

ஆகவே நான் செய்தது சரிதான். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா கூலிக்குப் பட்டு நெய்தவர். பாவுக்கும் ஊடைக்குமான பட்டையும் ஜரிகையையும் முதலாளி நிறுத்துக் கொடுப்பார். நெய்து முடிந்த சேலையை நிறுத்து வாங்கிக்கொள்வார். நடுவில் தறியில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. அறுந்த இழைகளைக்கூட அப்பா காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

1992-இல் ஒருநாள் திருவண்ணாமலையில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் திரும்பினோம். டிக்கெட் கொடுப்பவர் என் மெலிந்த உடம்பைப் பார்த்து, "பையனுக்கு அரை டிக்கெட்தானே?" என்று அவராகவே கேட்டார்.

"இல்லீங்க. போன மாசம் பன்னிரண்டு முடிஞ்சுபோச்சு. முழுசாவே கொடுங்க" என்றார் அப்பா.

பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு அதில் போயிற்று. மீட்டர் கேஜ் வண்டி எங்களைக் களம்பூரில் இறக்கியபோது இருட்டிவிட்டது. நடந்தோம். நான் கோபத்தில் பேசவே இல்லை. பாதி வழியில் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, இனி வரமாட்டேன் என்றேன். அப்பா என் எதிரில் முதுகைக் காட்டிக் குந்தி, "ஏறிக்கோ" என்றார். கொஞ்ச தூரம் உப்புமூட்டை தூக்குவார், இறக்கிவிட்டு மூச்சு வாங்குவார், மறுபடி தூக்குவார். முழு டிக்கெட் வாங்கிய பையனை அப்படியே ஊர் எல்லை வரையில் சுமந்தார். நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மூச்சும் இருந்திருக்காது.

இந்தக் கதையை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் டிக்கெட்டோடு நிறுத்திக்கொள்வேன். உப்புமூட்டையைச் சொன்னதில்லை. அது எனக்குக் கொஞ்சம் வெட்கமான பகுதி. அதுதான் முக்கியமான பகுதி என்று சால்ஸ்பர்க்கில் விளங்கிற்று. அப்பாவின் நேர்மைக்கு ஆன செலவில் ஒரு பங்கு என் காலில் விழுந்தது. அதை அவர் தம் முதுகுக்கு மாற்றிக்கொண்டார். என் நேர்மைக்கு ஆன செலவு முழுவதும் அந்தப் பையன் தலையில் விழுந்தது. நான் அன்று ஓட்டலில் சாப்பிட்ட பணத்துக்கு அவனுக்கு ஒரு டிக்கெட் வாங்கியிருக்கலாம். அந்த எண்ணமே எனக்கு எழவில்லை. என் யோக்கியதையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

தப்புக்கு உடன்பட மறுக்கிறவனெல்லாம் பணமும் கொடுக்கவேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படி ஒரு விதி செய்ய முடியாது, கான்ட்டாலும் முடியாது. ஆனால் நம்மை நாமே மெச்சிக்கொள்ளுமுன், நம் நேர்மை யார் முதுகில் ஏறியிருக்கிறது என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கலாம் அல்லவா?

மறுநாள் காலை ஊர் திரும்ப அதே மாதிரி சீட்டு வாங்கினோம். நான் பிளாட்பாரம் முழுவதும் கண்ணை ஓட்டினேன். அந்தப் பையன் இல்லை, எப்படி இருப்பான்? எங்கள் இருவர் பெயரையும் எழுதினோம். கீழே மூன்று பேருக்கு இடம் காலியாக இருந்தது.